பின்கட்டு நார்த்தையில் விண்பதியம்

நார்த்தையில் விண்பதியம் போட்டு, அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதன் பட்டையை வளையமாக எடுத்துக் கட்டி, வேர் வரவைப்பது பெரிய வித்தை இல்லை. வேர் வந்த கிளையை மரத்திலிருந்து வெட்டி இறக்கிய பிறகு வருகிற முதல் மாதம்தான் ஆளைச் சோதிக்கிறது. காரைக்குடிப் பக்கத்து வெயிலில், நன்றாக வேர் பிடித்த பதியங்கள்கூட இறக்கி வைத்த வாரத்திலேயே இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நின்றிருக்கின்றன. இப்போது பின்கட்டுத் தாழ்வாரத்தில் கன்றுகள் தளிர்விட்டிருக்கின்றன, ஒன்று தரையிலும் இறங்கிவிட்டது. செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். வீட்டில் பழைய நார்த்தையோ எலுமிச்சையோ மாதுளையோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

எங்கள் மரம் துவைகல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அது சகஜம். மழையை நம்பிய பூமி. துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வீணாகாமல் ஒரு வாழைக்கும் ஒரு நார்த்தைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும் என்று வழி செய்திருப்பார்கள். மரம் என் மாமியார் காலத்தது. காயில் தோல் நல்ல தடிமன், கசப்பு மட்டு. சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்துக் காயவைத்தால் அடுத்த கோடை வரை தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். கடையில் வாங்கிய காயில் அந்த உப்பு நார்த்தங்காய் வரவே மாட்டேன் என்கிறது.

அந்த மரம் ஒரு வருடம் அள்ளிக் காய்த்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் மட்டும் அடிமரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஆச்சி, இது நல்லதுக்குக் காய்க்கிற காய்ப்பு இல்ல. போகப்போற மரம் காய்க்கிற காய்ப்பு” என்றார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டை வெடித்துப் பழுப்புப் பிசின் வடிந்து உறைந்திருந்தது. கிழக்குப் பக்கக் கிளைகளில் இலை நரம்பு மஞ்சளாகி, நுனி காய ஆரம்பித்திருந்தது.

இது பிசின் வடியும் நோய். பைட்டோப்தோரா என்ற, பூஞ்சணம் போன்ற நுண்ணுயிர் மண்ணில் இருக்கும். அடிமரம் எப்போதும் நனைந்தே கிடந்தால் பட்டைக்குள் ஏறிவிடும். துவைகல் தண்ணீர் வருடக்கணக்காக அடிமரத்தைத் தொட்டுக்கொண்டே போயிருக்கிறது. அது போதாதென்று, கூட்டிய குப்பையையும் மண்ணையும் மரத்தைச் சுற்றிக் குவித்து வைத்திருந்தோம். மரத்துக்கு உரம் என்று நினைப்பு.

ஆக வேலை இரண்டு. மரத்தைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்குள் அதிலிருந்து கன்று எடுக்க வேண்டும்.

முதலில் தாங்குகிற வேலை. அடிமரத்தைச் சுற்றிக் குவிந்திருந்த மண்ணை மண்வெட்டியால் இழுத்துவிட்டு, மேல் வேர்கள் பிரியும் இடம் வெளியே தெரியும் வரை திறந்துவிட்டோம். துவைகல் தண்ணீரை ஒரு பிவிசி குழாய் போட்டு வாழைப் பக்கம் திருப்பினோம். பிறகு கத்தியால் பிசினையும் அழுகிய பட்டையையும் சுரண்டி, உள்ளே வெள்ளையாக, நல்ல பட்டை வரும் இடத்தில் நிறுத்தினோம். சுரண்டிய தூளைக் கீழே விடாமல் சாக்கில் வாங்கி எரித்துவிட்டோம். அந்தத் தூளிலும் நோய் இருக்கும்.

புண்ணுக்குப் போட்டது போர்டோ பசை. கணக்கு சுலபம்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், கற்சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரைக்க வேண்டும். கட்டியாக வாங்கினால் நன்றாகப் பொடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கரைய நேரம் பிடிக்கும். இன்னொரு வாளியில் மீதி அரை லிட்டரில் சுண்ணாம்பைத் தாளிக்க, அதாவது நீற்ற, வேண்டும். கொதித்து அடங்கி ஆறிய பிறகு, இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒரே நேரத்தில் ஊற்றிக் குச்சியால் கலக்க வேண்டும். இரும்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. துரு இல்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே பூசினால் பட்டை கருகிவிடும். வெள்ளையடிக்கிற பாக்கெட் சுண்ணாம்பில் செய்து பார்த்தபோது கத்தி சிவப்பாகத்தான் வந்தது. திறந்து வைத்துக் காற்றுப் பட்ட சுண்ணாம்புக்கு வீரியம் கிடையாது. இந்த ஊரில் நல்ல கற்சுண்ணாம்புக்கு அலைய வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரை பூசுகிற கொத்தனாரிடம் கேட்டால் அரைக் கிலோ சும்மாவே கொடுப்பார். அதில் செய்த பசையில் கத்தி கத்தியாகவே வெளியே வந்தது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை வண்ணம் பூசும் தூரிகையால் சுற்றிப் பூசினோம். கலக்கிய அன்றே பூசி முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. சுண்ணாம்பு தாளிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கன்று எடுக்கிற கதை. விதை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். விதைக் கன்று காய்ப்புக்கு வரப் பல வருடம் ஆகும், முள் வேறு அதிகம். நார்த்தையில் விதைக் கன்று தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்ற உறுதியும் கிடையாது. எனக்கு வேண்டியது ஏதோ ஒரு நார்த்தை இல்லை, இந்தத் தடித்த தோல் காய். பதியக் கன்று தாயின் அச்சாகவே வரும், இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும்.

குச்சி நட்டும் பார்த்தோம். பென்சில் தடிமனில் ஒரு சாண் நீளக் குச்சிகள், மணலும் மட்கிய சாணமும் கலந்த மண் தொட்டி, வேப்பமர நிழல். பங்குனியில் நட்டது. கிடுகிடுவென்று இலை விட்டது. அண்ணன்கூட “புடிச்சுக்கிச்சு ஆச்சி” என்றார். அப்புறம் சித்திரை வெயிலில் ஒரே மூச்சில் எல்லாம் கருகியது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு நூல் வேர்கூட இல்லை. குச்சி தன்னிடம் இருந்த சத்தை வைத்தே இலை விட்டுவிடும். இலையைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று நம்பக் கூடாது. மழைக்காலத்தில் நட்டால் நார்த்தைக் குச்சி வேர் பிடிக்கும் என்கிறார்கள், பிடிக்கலாம். ஆனால் நோய்வாய்ப்பட்ட மரத்தில் நல்ல கிளைகள் எண்ணிக்கையாகத்தான் இருந்தன. அவற்றை வெட்டிப் பந்தயம் கட்ட மனசு வரவில்லை. விண்பதியத்தில் அந்தப் பயம் குறைவு. வேர் வரும் வரை கிளை மரத்திலேயே இருக்கும், தாய் மரம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கிளையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். பிசின் வடிந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, மேற்குப் பக்கம் உயரத்தில் இருந்த கிளைகளை எடுத்துக்கொண்டோம். ஒரு வருட வயது, பென்சிலை விடக் கொஞ்சம் தடிமன், பச்சை மாறிப் பழுப்பு எட்டிப்பார்க்கும் பட்டை. நுனியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, கணுவுக்குச் சற்றுக் கீழே. காய் இருக்கிற கிளை வேண்டாம். முள்ளை முதலிலேயே கத்தரித்துவிடுங்கள். நார்த்தை முள் பாலித்தீனைக் கிழிக்கும், கையையும் கிழிக்கும்.

பட்டை எடுக்க ஒட்டுக் கத்தி வாங்கினேன், 180 ரூபாய். உண்மையில் புது ஷேவிங் பிளேடும் ஒரு பழைய காய்கறிக் கத்தியின் மொட்டை முதுகுமே போதும். பிளேடால் கிளையைச் சுற்றி இரண்டு வளையம் கீற வேண்டும், இடைவெளி ஓர் அங்குலம். இரண்டு வளையத்தையும் இணைத்து நெடுக்காக ஒரு கீறல். பட்டை மோதிரம் போலக் கழன்று வரும். மரத்தில் நீரோட்டம் இருந்தால்தான் இப்படிக் கழலும். முதல் தடவை சித்திரைக் கோடையில் பதியம் போட்டபோது பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது, மறுபடி ஆவணியில் போட்டபோது வழுக்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கிளைக்கும் நடுவில் பிளேடை ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சால் துடைத்துக்கொண்டேன். நோய் இருக்கிற மரம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்திவிடக் கூடாது.

பட்டை எடுத்ததும் உள்ளே ஈரமாக, வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். பதியம் பிடிப்பதும் பிடிக்காததும் இதில்தான் இருக்கிறது. அந்தப் படலம் மிச்சம் இருந்தால் மரம் அதை வைத்தே புதுப் பட்டை கட்டி, மேலையும் கீழையும் இணைத்துக்கொள்ளும். இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. அதை மறித்தால்தான் மேல் வெட்டில் தேங்கி வேராக வெடிக்கும். பாலம் போட்டுவிட்டால் கிளைக்கு வேர் விட வேண்டிய அவசியமே இல்லை. சித்திரையில் போட்டவற்றில் ஒன்றைப் பிரித்தபோது பச்சையாக அழகான புதுப் பட்டை இருந்தது, வேர் இல்லை. அதற்குப் பிறகு கத்தி முதுகால் நன்றாகச் சுரண்டி, வேட்டித் துணியால் துடைத்து, நகத்தால் தொட்டால் வழுக்காமல் சொரசொரவென்று இருக்கும் வரை விடவில்லை.

வேர்ப்பொடி ஒரு டப்பா 130 ரூபாய். மேல் வெட்டின் விளிம்பில் மட்டும் ஈர விரலால் தொட்டுப் பூசினால் போதும். வேர் மேல் விளிம்பில்தான் வரும், கீழே பூசுவது காசுக்குக் கேடு. கற்றாழைச் சாறு பூசச் சொல்வார்கள். பூசியதற்கும் ஒன்றும் பூசாததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பொடி போட்டதில் வேர் சீக்கிரம் வந்ததோ இல்லையோ, அடர்த்தியாக வந்தது.

தென்னை நார்க்கழிவு 5 கிலோ கட்டி 220 ரூபாய். ஒரு தெருவுக்கே காணும். அதில் உப்பு இருக்கும், அப்படியே எடுத்துக் கட்டக் கூடாது. வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, பழுப்புத் தண்ணீர் வெளிறும் வரை அலச வேண்டும். எங்கள் போர் தண்ணீர் வாளியிலேயே வெள்ளை படிய வைக்கிற ரகம். அதனால் கடைசி அலசலுக்கு முற்றத்து மழைத் தண்ணீரை எடுத்தேன். நார்த்தைக்கு உப்பு ஆகவே ஆகாது. பிடி நார்க்கழிவை இறுக்கிப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு மட்டும் விழ வேண்டும். ஒழுகினால் அழுகும்.

ஒரு பதியத்துக்கு இரண்டு கைப்பிடி. ஒளி ஊடுருவும் பாலித்தீனை ஒரு சாண் அகலம், ஒன்றேகால் சாண் நீளத்தில் வெட்டிக்கொண்டு, முதலில் கீழ் முனையைச் சாக்கு தைக்கும் நூலால் கிளையோடு இறுக்கிக் கட்டி, பை மாதிரி ஆக்கி, நார்க்கழிவை அடைத்துக் கையால் அமுக்கி, பிறகு மேல் முனையைக் கட்ட வேண்டும். அடைத்ததில் காற்றுப் பொந்து இருக்கக் கூடாது. மேல் கட்டை இரண்டு மடங்கு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் கிளையோடு வழிந்து உள்ளே இறங்கும். கீழே குண்டூசியால் இரண்டு துளை. அதன் மேல், ஓட்டலில் சாப்பாடு கட்டித் தருகிற அலுமினியத் தாள் ஒரு சுற்று. வெயில் உள்ளே போகாது, பாசியும் பிடிக்காது. வேர் வந்ததா என்று பார்க்க வேண்டுமானால் தாளை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றலாம்.

சித்திரையில் தாள் சுற்றாமல் கட்டியதில் பாதிக்கு மேல் உள்ளேயே காய்ந்துபோனது. அண்ணன் அப்போதே “பிளாஸ்டிக்குல வேர் வெந்துரும் ஆச்சி” என்று சொன்னார். கோடையைப் பொறுத்தவரை அவர் சொன்னதுதான் சரி. ஆவணியில் கட்டியவற்றில் ஈரம் கடைசி வரை நின்றது. இந்தப் பக்கம் ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடி மழை வந்து காற்றைக் குளிர்த்திவிட்டுப் போகும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வேர் முற்றிவிடும். நார்த்தைக்கு இந்த ஊரில் அதைவிடத் தோதான மாதம் இல்லை என்பது என் முடிவு. இடையில் எங்கேயாவது காய்ந்த மாதிரி தெரிந்தால், 10 மில்லி மருந்து ஊசியில் தண்ணீர் எடுத்து மேல் கட்டுக்குப் பக்கத்தில் குத்தி விடலாம். கட்டைப் பிரிக்க வேண்டாம். ஊசி மருந்துக் கடையில் 10 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கியதிலேயே உருப்படியான கருவி இதுதான்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. இரண்டு கிளைகளை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அவர் அப்பா செய்த முறையில் கட்டினார். செம்மண்ணையும் பசுஞ்சாணத்தையும் பிசைந்து உருண்டையாக அப்பி, சாக்குத் துணியால் சுற்றி, வைக்கோல் புரியால் கட்டினார். மேல் கிளையில் ஒரு மண் கலயம் தொங்கியது. அதன் அடியில் ஓட்டை, ஓட்டையில் துணித் திரி. திரி வழியே தண்ணீர் சொட்டு சொட்டாக உருண்டையில் இறங்கும். பார்க்கவே லட்சணமாக இருந்தது. வேரும் வந்தது, என்னுடையதுக்கு ஒன்றும் குறைவில்லை. இறக்கும்போதுதான் சிக்கல். காய்ந்த களி உருண்டை இரண்டாக உடைந்து, வேரும் அதோடு கிழிந்தது. கலயத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏணி போட்டு ஏறித் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். அடுத்த முறை நார்க்கழிவு தனக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நான் எதிர்பார்க்காத இடைஞ்சல் அணில். கூடு கட்ட நார் தேடி வந்து பாலித்தீனைக் கடித்துக் கிழித்துவிடும். பழைய நைலான் கொசுவலையை ஒரு சாண் துண்டாக வெட்டி மேலே சுற்றிக் கட்டியதும் நின்றது.

வேர் வர ஆறு முதல் பத்து வாரம் ஆகும். முதலில் வெள்ளையாக, தடிமனாக ஒன்றிரண்டு தெரியும். அதைப் பார்த்ததும் கத்தியை எடுக்கக் கூடாது. வெள்ளை வேர் கை பட்டாலே ஒடியும். அது பழுப்பாகி, கிளை பிரிந்து, பாலித்தீன் ஓரமாகச் சுற்ற ஆரம்பிக்கும் வரை பொறுக்க வேண்டும்.

இறக்குவதை ஒரே வெட்டில் செய்யக் கூடாது. பைக்குக் கீழே கிளையின் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஒரு வாரம் கழித்து அதையே பாதியாக ஆழப்படுத்த வேண்டும். மூன்றாவது வாரத்தில் அறுத்து இறக்க வேண்டும். தாய் மரத்துத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையக் குறைய, கிளை தன் வேரை நம்பப் பழகும். ஒரே வெட்டில் இறக்கியவை எவையும் எங்களுக்குத் தங்கவில்லை.

இனி அந்த முதல் மாதம். இறக்கிய கிளையில் ஒன்றரை அடிக்கு இலை இருக்கிறது, வேரோ ஒரு கைப்பிடி. அந்த வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. அதனால் இளந்தளிரை முழுதும் கிள்ளிவிட வேண்டும். மீதி இலைகளில் பாதியை எடுத்துவிட்டு, இருப்பவற்றையும் குறுக்கே பாதியாகக் கத்தரிக்க வேண்டும். பார்க்கச் சகிக்காது, செய்தே ஆக வேண்டும். முழு இலையோடு, அழகாக இருக்கிறதே என்று நட்டதெல்லாம் இரண்டு மூன்று நாளில் தலை தொங்கிப் போய்விட்டது.

பாலித்தீனைப் பிரித்ததும் நார் உருண்டையை உதறாமல் அரை மணி நேரம் மழைத் தண்ணீரில் வைக்க வேண்டும். தொட்டி மண் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய சாணம். உரம் ஒன்றும் வேண்டாம். கன்று நடுகிற பை 10 லிட்டர் அளவு, ஒன்று 35 ரூபாய். உருண்டை மண்ணுக்குள் மூடினால் போதும், ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டுக் கிளையைக் கட்டிவிட வேண்டும். காற்றில் ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

பிறகு பைக்குள் மூன்று மூங்கில் சிம்பு நட்டு, மேலே பெரிய ஒளி ஊடுருவும் பாலித்தீன் உறையைக் கவிழ்த்தேன். இதுதான் கன்றுகளைக் காப்பாற்றியது. உறைக்குள் ஈரக் காற்று நிற்கும், இலையிலிருந்து தண்ணீர் ஓடாது. வெயில் நேராகப் படக் கூடாது, பட்டால் உள்ளே வெந்துவிடும். இரண்டாங்கட்டு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் இதற்கென்றே கட்டியது மாதிரி இருந்தது. மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது, நாலு பக்கமும் சுவர் இருப்பதால் அனல் காற்று கிடையாது. இதே கன்றுகளில் வேப்பமரத்தடியில் வைத்தவை வாடின, முற்றத்தில் வைத்தவை நின்றன. நிழல் இரண்டிலும்தான் இருந்தது, வித்தியாசம் காற்றில். இரண்டு வாரம் கழித்து உறையின் ஒரு மூலையை வெட்டிவிட்டேன், அடுத்த வாரம் இன்னொரு மூலையை, பிறகு இரவில் மட்டும் கழற்றி வைத்தேன். கணுவில் புதுத் தளிர் வந்து, அது முற்றிக் கரும்பச்சையாகும் வரை முழுதாக எடுக்கவில்லை.

தளிர் வந்த மறுவாரமே விருந்தாளி வந்துவிட்டார். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இளந்தளிரில் மஞ்சள் முத்தாக ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால் கண்ணில் படாது. வளர்ந்ததும் பச்சை, அப்போது இலையோடு இலை. தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். பெரிய மரத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. பத்து இலை உள்ள கன்றில் ஒரே புழு இரண்டு நாளில் கணக்கை முடித்துவிடும். மருந்து தேவையில்லை, காலையில் காப்பி குடிக்கும்போது இலைக்கு அடியில் ஒரு பார்வை, கையால் எடுத்துப் போட்டால் போச்சு.

இலைத் துளைப்பான்தான் கையில் அகப்படாது. தளிருக்குள்ளே வெள்ளிக் கோடு கோடாகப் பாதை போட்டு இலையைச் சுருட்டிவிடும். அதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல். உலர்ந்த பருப்பு 50 கிராம் இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேர்த்து, சாயங்காலம் தெளிக்க வேண்டும். அன்றே தீர்த்துவிட வேண்டும். ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. அடுத்த தளிர் எட்டிப்பார்க்கும்போதே தெளிப்பதுதான் பலன்.

மயில் தனிக் கதை. தொட்டி மண் இளகியிருந்தால் கிளறிப் புழுதிக் குளியல் போடும், தளிரையும் கொத்தும். விரட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது. தேசியப் பறவை, மேலே முருகன் வேறு. பழைய தளம் பெயர்த்தபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் துண்டுகளை மண்மேல் பரப்பி வைத்தேன், கிளறுவது நின்றது. ஈரமும் காய்வதில்லை.

தரையில் நட்டது ஐப்பசி, கார்த்திகை அடைமழை விட்ட பிறகு, தை மாதம். பதியக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. தாயின் காய் மட்டுமல்ல, பிசின் நோய்க்கு இடம் கொடுக்கிற பலவீனமும் அப்படியே வரும். அதே துவைகல் பக்கம் நட்டால் நம் பிள்ளைகள் காலத்தில் இதே கதைதான். இடத்தை மாற்றி, கிணற்றுக்குத் தெற்கே இரண்டடி சதுரத்தில் குழி எடுத்தோம். ஒன்றரை அடியில் செம்புறாங்கல் தட்டியது. ஆள் கூலி 800 ரூபாய் அதிலேயே போனது. குழியில் தண்ணீர் நிரப்பிவிட்டு மறுநாள் பார்த்தால் பாதி அப்படியே நின்றது. அந்தக் குழியில் நட்டால் ஐப்பசியில் வேர் நீரில் ஊறிக்கொண்டிருக்கும். குழியை மூடி, அதன் மேலேயே வெட்டியெடுத்த செம்புறாங்கல்லை நாலடி வட்டத்துக்கு அடுக்கி, ஒன்றரை அடி உயர மேடு கட்டி, அந்த மேட்டில் கன்றை நட்டோம். பாத்தி கன்றைச் சுற்றி ஓரடி தள்ளி வளையமாக. தண்டைத் தண்ணீர் தொடாது. மூடாக்குக்குப் போட்ட சருகையும் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளியே போட்டோம். ஆட்டுக்குச் சுற்றிலும் சீமைக்கருவேல முள், அதற்கு இங்கே பஞ்சமா.

செலவைக் கூட்டினால் கத்தி, பொடி, நார்க்கழிவு, மயில்துத்தம், பைகள், கூலி எல்லாம் சேர்த்து 1,600 ரூபாயை ஒட்டி வரும். நர்சரியில் ஒரு நார்த்தைக் கன்று 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கன்றுதான் வேண்டுமென்றால் அதை வாங்கிவிடலாம். இந்த மரத்துக் காய் வேண்டுமென்றால் வேறு வழி இல்லை.

அடுத்த ஆவணிக்குச் செய்யப்போகிற மாற்றங்கள் சில உண்டு. ஒட்டுக் கத்தியைத் தொடப் போவதில்லை, பிளேடே போதும். பதியத்தைத் தோள் உயரக் கிளைகளில் மட்டும் கட்ட வேண்டும், ஏணியில் நின்றுகொண்டு வளையம் கீறினால் கோணலாகத்தான் வருகிறது. ஒவ்வொரு பதியத்திலும் கட்டிய தேதியை எழுதித் தொங்கவிட வேண்டும், எது முந்தியது என்று நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு கன்றுகளை நோய் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிப் பார்க்கலாமா என்றும் ஓர் எண்ணம். அதைக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும், எந்த வேர்ச்செடி இந்த மண்ணுக்கு ஆகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வேப்பங்கொட்டையும் இருப்பு இல்லை. போன ஆடியில் பொறுக்கியது ஈரத்தோடு மூட்டை கட்டியதில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இந்த முறை நிழலில் உலர்த்தி, காற்றாட மூங்கில் கூடையில் வைக்க வேண்டும்.

தாய் மரம் இன்னும் நிற்கிறது. கிழக்குக் கிளை இரண்டை அறுத்தாயிற்று, புதுப் பிசின் இல்லை. மழைக்கு முன்னால் இன்னொரு தடவை போர்டோ பசை பூச வேண்டும். கொத்தனாரிடம் சுண்ணாம்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.